மலைக்கு நீட்டிய ரொட்டி

சோக்கேகிராவ் இடிபாடுகளுக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போகும் எங்கள் குழுவில் தியோபிலோ சோக்கே சமையல்காரர். அபுரிமாக் ஆறு வரைக்கும் இறங்கி, இறங்கியதையெல்லாம் மறுகரையில் திரும்ப ஏறினால், இன்காக்கள் கட்டிவிட்டுப் போன நகரம் வரும். பார்த்துவிட்டு மறுபடி அதே மாதிரி இறங்கி ஏற வேண்டும். இதற்காகக் கடல் தாண்டி ஆட்கள் வருகிறார்கள் என்பதை தியோபிலோவால் கடைசிவரை நம்ப முடியவில்லை. அவர்களை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது என்பது வேறு விஷயம்.

அந்த நகரத்தை அவர் ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். தொல்லியல் படித்த சூடு ஆறாமல் நான் வழிகாட்டியாகச் சேர்ந்திருந்த புதிது. சதுக்கம், வாய்க்கால், அடுக்கு வயல்களின் சுவரில் வெள்ளைக் கல்லால் பதித்த லாமாக்கள் என்று ஒன்று விடாமல் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார். "நல்லாத்தான் அடுக்கியிருக்காங்க. எங்க வீட்டுப் பின்சுவரும் இப்படித்தான் இருக்கு. அதைப் பார்க்க ஒருத்தனும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

குள்ளமான, அகலமான மனிதர். சமையலைப் பட்டாளத்தில் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்பதைவிட, தண்டனையாகப் பெற்றார் என்பது சரி. அதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசியதற்காக அபான்காய் முகாமின் சமையல்கட்டில் தள்ளினார்கள். தண்டனை முடிந்த அன்று வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாராம். எதற்கும் முதலில் "முடியாது" என்பார். ஒரு தடவை, பாலும் முட்டையும் இறைச்சியும் தொடாத ஒரு குடும்பம் வந்தது. முடியாது, அவர்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். அன்று மாலை நாலு வகை சூப் வைத்திருந்தார். அடுப்பு என்று சொல்ல ஒரு கேஸ் பர்னரும் பெரிய பாத்திரமும்தான்; அதிலேயே ஆவியில் கேக் செய்து, மேலே கிரீமால் பூ வேறு போடுவார். தான் மட்டும் அதில் ஒரு துண்டு வாயில் வைக்க மாட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாக்கெட்டிலிருந்து வறுத்த சோளத்தையும் காய்ந்த பாலாடைக்கட்டியையும் எடுத்துக் கொறிப்பார்.

சாமி விஷயத்திலும் இதே கதைதான். பாதிரியார் பேச்சை எடுத்தால் முகம் சுளிப்பார். ஆனால் பனிச்சிகரம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மூன்று கோக்கா இலையை விரல் நுனியில் விசிறி மாதிரி பிடித்து, அதன்மேல் ஊதி, சிகரத்துக்கு வணக்கம் சொல்லாமல் அடுத்த அடி வைக்க மாட்டார். ஊர்த் திருவிழாவைப் பற்றி அவர் பேசாத கேலி இல்லை. ஒரு வருஷம் ஊருக்கெல்லாம் சோறு போடுவதற்காக வீட்டில் உள்ள மாட்டையெல்லாம் விற்றுத் தொலைக்கிற மூடர்கள் என்று பொறுப்பு எடுப்பவர்களைத் திட்டுவார். போன வருஷத் திருவிழா முடிவில், அடுத்த வருஷப் பொறுப்பு யாருக்கு என்று கேட்டபோது, மூன்றாவது குவளை சோளக்கள்ளோடு எழுந்து நின்று கையைத் தூக்கியவரும் அவர்தான். அவர் மனைவி மாத்தில்தே அதன்பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோது, பேசாமல் இருந்ததே தேவலை என்று தியோபிலோவுக்குப் பட்டது.

வாய்லாபாத்தா என்கிற தியோபிலோவின் ஊரில் ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழா. பொறுப்பு எடுத்தவர் தனியாக எல்லாவற்றையும் செய்வதில்லை. ஹுர்க்கா ரொட்டி என்று ஒன்று சுட வேண்டும். தாம்பாளம் அகலத்துக்கு, சோம்பு போட்டு, மேலே சிலுவை கீறி. அதைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு சின்ன பாட்டில் கரும்புச் சாராயத்தோடு, ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். இரண்டு கையாலும் நீட்டி, "மறுக்காம வாங்கிக்கங்க, எங்க திருவிழாவுக்கு இதைச் செஞ்சு குடுங்க" என்று கேட்க வேண்டும். வாங்கித் தின்றவர் மாட்டிக்கொண்டார். விறகோ, வாணவேடிக்கையோ, சப்பரத்துக்குப் பூவோ, எதைக் கேட்டார்களோ அதைக் கொண்டுவந்தே தீர வேண்டும். இதற்குக் காகிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆனால் தின்றுவிட்டு ஏமாற்றியவன் என்று எங்கள் மலையில் இதுவரை யாரும் பெயர் வாங்கியதில்லை. ரொட்டியை வாங்காமல் தப்பித்தவர்கள் ஏராளம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால், துணி மூடிய வட்டமான எதையாவது கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாருங்கள். வாசல் கதவுகள் சாத்தும் சத்தமும் கொல்லைக் கதவுகள் திறக்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்.

தியோபிலோ ஓடிப்பிடித்துக் கொடுத்துவிட்டார். விறகு கிடைத்தது, விருந்துக்குக் கினிப் பன்றிகள் கிடைத்தன, வேடிக்கை வெடிகள் கிடைத்தன. கிடைக்காதது பேண்டு வாத்தியக் குழு ஒன்றுதான். பேண்டு இல்லையென்றால் மாதா சப்பரத்தில் ஏறி கோயில் வாசலைத் தாண்ட மாட்டாள். அது வழக்கம், மழையோ வெயிலோ மாறாது. போன வருஷப் பொறுப்பாளி ஃபிதேல் இரண்டு பேண்டு கொண்டுவந்து சதுக்கத்தின் இரண்டு மூலையில் நிறுத்தியிருந்தான். இந்த வருஷம் மாதா வெளியே வராமலே போனால், "தியோபிலோ வருஷம்" என்று ஊர் அதற்குப் பெயர் வைத்துவிடும். அவர் பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில்கூட அந்தப் பேச்சு எழும்.

பேண்டுக்கு அவர் நம்பியிருந்தது எவரிஸ்தோவை. எவரிஸ்தோ டிரம்பெட் வாசிப்பவர், பேண்டின் தலைவர், தியோபிலோவின் மூத்த பையனுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவுக்காரர்கள் எங்களிடையே ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டை போட்டாலும் 'நீங்க' போட்டுத்தான் பேச வேண்டும். அப்படிப்பட்ட எவரிஸ்தோ மே மாதக் கடைசியில் ஊரைக் காலி செய்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடிபாடுகளுக்கு முந்தின குக்கிராமமான மாராம்பாத்தாவுக்குப் போய்விட்டார். அங்கே மாமியாருக்குப் பயணிகள் கூடாரம் போடுகிற நிலமும் ஒரு பெட்டிக்கடையும் உண்டு. ரொட்டிக்குப் பயந்து ஒருவன் இவ்வளவு தூரம் ஏறி இறங்கி ஒளிந்ததாகச் சரித்திரமே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு சோக்கேகிராவுக்கு ஒரு குழு வந்தது. இரண்டாம் நாள் ராத்தங்கல் மாராம்பாத்தாவில். தியோபிலோ வழக்கப்படி முதலில் முடியாது என்றார். அப்புறம் வீட்டுக்குப் போய் மாத்தில்தேயை ரொட்டி சுடச் சொன்னார்.

குழுவில் ஐந்து பேர். நாலு பேர் இந்தக் கதைக்கு வேண்டாம். ஐந்தாவது ஆள் கெர்டா. நெதர்லாந்தில் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், நெடுநெடுவென்று உயரம், மாலை வகுப்பில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு வந்திருந்தார். இலக்கணம் சுத்தமாக இருக்கும், வேகம்தான் இருக்காது. நடையும் அப்படியே.

ரொட்டியைக் கோவேறு கழுதையில் ஏற்ற தியோபிலோவுக்கு மனம் வரவில்லை. மாத்தில்தேயின் கோடு போட்ட துணியில் சுற்றி, முதுகில் கட்டிக்கொண்டார். அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று கழுதைக்காரன் மௌரோவிடம் கெச்சுவா மொழியில் சொன்னார். என்னிடமும் சொன்னார். கழுதைகளிடமும் சொல்லியிருப்பார்.

கபூலியோக் மேட்டில் பள்ளத்தாக்கு மொத்தமாகத் திறந்துகொள்ளும். அங்கேதான் எல்லோரும் படம் எடுக்க நிற்பார்கள். எதிரே பாத்ரேயோக் பனிச்சிகரம். இந்தச் சிகரத்தைத் தியோபிலோ சும்மா விட்டுவிட்டுப் போவாரா? போகிற காரியம் பெரியது. எவரிஸ்தோ வழுக்குகிற ஆள். மலையின் தயவு வேண்டும். துணியை அவிழ்த்தார். தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, சிகரத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, முழு வாசகத்தையும் சொன்னார். தகப்பனே, மறுக்காம வாங்கிக்கங்க, எங்க மாதா திருவிழாவுக்கு மேளதாளம் வரணும், அதை நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும் என்று.

அவர் கண்ணை மூடும்போது எதிரே மலை மட்டும்தான் இருந்தது. வாசகம் நீளம். பாதியில் கெர்டா படம் எடுத்து முடித்து, விளிம்பிலிருந்து திரும்பி, அவருக்கும் மலைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

காலையில் எழுந்து நடந்து வந்த பசி. எதிரே தொப்பி கழற்றிய ஒரு மனிதர், தலை குனிந்து, இரண்டு கையாலும் ரொட்டி நீட்டி, ஏதோ அன்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மரியாதை தெரிந்த எந்தப் பெண்மணியும் செய்வதைத்தான் கெர்டா செய்தார். அவரும் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கினார். நான் காலையில் சொல்லிக்கொடுத்திருந்த கெச்சுவா வார்த்தையில் நன்றி சொன்னார். ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

கை லேசானதும் தியோபிலோ கண்ணைத் திறந்தார். மலை வாங்கிக்கொண்டது என்று ஒரு நொடி நினைத்துவிட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். அந்த ஒரு நொடி அவர் முகம் இருந்த விதத்தை நானும் பார்த்தேன்.

"சோம்பு போட்டிருக்கீங்களா? ரொம்ப நல்லா இருக்கு" என்றார் கெர்டா.

"உங்களுக்குப் பிடிச்சா சந்தோஷம்மா" என்றார் தியோபிலோ. விருந்தாளி வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்க அவருக்குப் பழக்கமில்லை.

கீழே இறங்குகிற வழி முழுக்க மௌரோவுக்கும் அவருக்கும் வழக்கு. விஷயம் இதுதான்: அந்த அம்மா மாட்டிக்கொண்டாரா, இல்லையா? தியோபிலோ, இல்லை என்றார். தெரியாமல் தின்றதற்குப் பொறுப்பு எப்படி வரும்? தான் கேட்டது மலையிடம். மௌரோவுக்குக் கழுதைகளோடு மட்டும் பேசிப் பேசி எதையும் விட்டுக்கொடுக்கிற பழக்கம் போயிருந்தது.

"வாசகம் சொன்னீங்களா இல்லையாண்ணே?"

"சொன்னேன்."

"ரெண்டு கையால குடுத்தீங்களா? ரெண்டு கையால வாங்கினாங்களா? தின்னாங்களா?"

"டேய், நான் மலைக்குடா குடுத்தேன்."

"மலை வாங்கலையே. அவங்கதானே வாங்கினாங்க. ஒருவேளை மலையே அவங்களை அனுப்பி வெச்சுதோ என்னமோ. நாம யாரு அதைக் கேட்க?"

இதில் தியோபிலோவுக்கு இருந்த சிக்கலை நான் ரசித்தேன் என்று சொல்வது நல்லதில்லை, ஆனால் ரசித்தேன். தெரியாமல் தின்றாலும் கட்டுப்பாடு உண்டு என்று ஒத்துக்கொண்டால், பாவம், ஒரு டிராம்காரம்மா தலையில் பேண்டு வந்து விழும். இல்லை என்று வைத்தாலோ, கேக் கொடுத்தோ சூப் கொடுத்தோ எவரிஸ்தோவைத் தந்திரமாக மாட்டவைக்கிற வழியும் அடைபட்டுப்போகும். பிய்த்த ரொட்டியை இன்னொருவருக்கு நீட்டுவதோ அவமரியாதை. புதிதாகச் சுடலாமென்றால் மாவில்லை. எப்படிப் பார்த்தாலும் மாராம்பாத்தாவுக்கு வெறும் கையோடுதான் போக வேண்டும்.

ஆற்றங்கரைக் கூடாரத்தில் அன்று மாலை அவர் கொடுத்த கீன்வா சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். மற்ற நாலு பேரும் இதுதான் உள்ளூர்ச் சுவை என்று நினைத்துக் குடித்துவிட்டார்கள். கெர்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சமையல்காரர் மத்தியானத்திலிருந்து தன் முகத்தைப் பார்ப்பதில்லை, தான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று கேட்டார்.

மழுப்பிப் பார்த்தேன். டிராமில் டிக்கெட் இல்லாதவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவரிடம் மழுப்புவது கஷ்டம். சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தார். பிறகு நேராகச் சமையல் கூடாரத்துக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

"நான் ரொட்டி சாப்பிட்டேன். அப்போ இசை நான்தான் கொண்டுவரணுமா?" என்று தியோபிலோவைக் கேட்டார்.

தியோபிலோ என்னை முறைத்த முறைப்பில் எனக்கு மறுநாள் காபி கிடையாது என்று தெரிந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நீங்க விருந்தாளி. உங்களுக்குத் தெரியாது. தெரியாம சாப்பிட்டா கணக்கில்ல" என்றார்.

"தெரியாம வண்டியில ஏறினாலும் வண்டி போயிட்டுத்தானே இருக்கு" என்றார் கெர்டா. "எங்க ஊர்ல அதுக்கும் டிக்கெட் உண்டு."

"அம்மா, முடியாது."

"முடியாதுன்னு எப்போ சொன்னாலும் அப்புறம் செஞ்சிருவீங்கன்னு வழிகாட்டி சொன்னாரே."

அந்த வகையில் எனக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் காபி போயிற்று. கெர்டா மீதி ரொட்டியைத் தின்னவில்லை. தன் மழைக்கோட்டில் சுற்றிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். திருவிழா எந்தத் தேதி என்று கேட்டார். அவர் விமானம் அதற்கு முன்பே கிளம்புகிறது என்று தெரிந்ததும், அது தன்னுடைய கவலை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் ஏற்றம். ஆற்றிலிருந்து மாராம்பாத்தா வரைக்கும் நிழலில்லாத, வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. கூட்டம் கூட்டமாகக் கடிக்கிற பொடிக் கொசு வேறு. சமையல்காரரும் கழுதைகளும் எப்போதும் முன்னால் போய்விடுவார்கள். நான் மூச்சு வாங்க நின்றபோது கெர்டா என்னைத் தாண்டிப்போனார். நின்று தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டேன். நின்றால் மறுபடி கிளம்ப முடியாது, நீங்கள் நில்லுங்கள் என்றார். ஆளைப் போகவிட்டுவிட்டு வழிகாட்டி பின்னால் வருவது சரியில்லை. என்றாலும் அன்று அப்படித்தான் நடந்தது.

நாங்கள் மேலே போவதற்குள் மாராம்பாத்தாவில் நாடகம் தொடங்கிவிட்டிருந்தது. முதல் பாதி மௌரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எவரிஸ்தோவின் மனைவி கடை வாசலில் நின்று, அவர் மாட்டைத் தேடிப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாடு அவளுக்குப் பின்னாலேயே கட்டியிருந்தது. மாட்டுக்குப் பின்னால் நாலு மாட்டுக்கால்களோடு இரண்டு செருப்புக் கால்களும் தெரிந்தன.

தியோபிலோ கடை முன்னால் கிடந்த கல்லில் உட்கார்ந்திருந்தார். "கொம்பாத்ரே, என்கிட்ட ரொட்டி இல்ல. வெளிய வாங்க" என்றார் மாட்டைப் பார்த்து.

"துணியை உதறிக் காட்டுங்க கொம்பாத்ரே" என்றது மாடு இருந்த திசை.

தியோபிலோ முதுகுத் துணியை அவிழ்த்து உதறினார். இரண்டு பொட்டு சோம்பு விழுந்தது. "பை?" என்று கேட்டது குரல். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். வறுத்த சோளம் கொட்டியது. கோழிகள் ஓடிவந்தன.

எவரிஸ்தோ வெளியே வந்தார். அந்த வெயிலில் கம்பளி மஃப்ளரை மூக்கு வரைக்கும் சுற்றியிருந்தார். பல்வலியாம். இருவரும் தோளைத் தட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்தார்கள். மாத்தில்தே சௌக்கியமா, உருளைக்கிழங்கு எப்படி, மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டார்கள். பேண்டு என்கிற சொல் மட்டும் இருவர் வாயிலும் வரவில்லை. தியோபிலோவின் முதுகு அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூனியிருந்தது. ரொட்டி இல்லாமல் கேட்க முடியாது. கேட்காமல் ஊருக்குத் திரும்பவும் முடியாது.

அப்போதுதான் கெர்டா மேலேறி வந்து சேர்ந்தார், பின்னாலேயே நானும். முகம் சிவந்து போயிருந்தது. பையைக்கூட இறக்கவில்லை. இவர்தானா என்று தியோபிலோவைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், பைக்குள்ளிருந்து மழைக்கோட்டை எடுத்து, பிரித்து, மீதி ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எவரிஸ்தோ எதிரே போய் நின்றார். எவரிஸ்தோ, யாரோ பயணி கடைக்குச் சோடா வாங்க வந்ததாக நினைத்துப் பாதி எழுந்திருந்தார்.

"ஐயா, மாதா திருவிழாவுக்கு இசை கொண்டுவர நான் ஒத்துக்கிட்டேன்" என்றார் கெர்டா, ஒவ்வொரு சொல்லாக. "தெரியாம ஒத்துக்கிட்டேன். இப்போ தெரியும். எனக்கு இங்க யாரையும் தெரியாது. நீங்க டிரம்பெட் வாசிப்பீங்கன்னு சொன்னாங்க. இதுல ஒரு ஓரத்தை நான் சாப்பிட்டுட்டேன், மன்னிக்கணும். மீதியை மறுக்காம வாங்கிக்கங்க."

எவரிஸ்தோ அவரைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், கொம்பாத்ரேயைப் பார்த்தார். பிறகு, அடக்க முடியாமல், சிரித்துவிட்டார். வயிறு குலுங்கச் சிரித்ததில் மஃப்ளர் நழுவியது. மேல்வரிசையில் முன்பற்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அவர் மனைவி காபி போட உள்ளே போனாள்.

எவரிஸ்தோ மஃப்ளரை மேலே இழுத்தார். அப்புறம் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டார். "கழுதை. மே மாசம்" என்றார். "ஒரே உதை. டிரம்பெட்டை வாயில வெச்சா காத்து நிக்க மாட்டேங்குது கொம்பாத்ரே. புஸ்ஸுன்னு போயிருது. ஊர்ல எல்லாரும் நான் ரொட்டிக்குப் பயந்து ஓடினேன்னு பேசுறாங்கல்ல? பேசட்டும். அது தேவல."

இதற்கு தியோபிலோ ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து நின்று திட்டத் தொடங்கினார். முழுக்க முழுக்க 'நீங்க' போட்டு. "உங்களுக்கு அறிவிருக்கா கொம்பாத்ரே? பேண்டுல உங்க ஒருத்தருக்குத்தான் வாய் இருக்கா? மத்தவங்கல்லாம் எதுல ஊதுறாங்க? ரெண்டு பல்லுக்காக மலையேறி வந்து மாட்டுக்குப் பின்னால நிப்பீங்களா? நான் ஒருத்தன் ராத்தூக்கமில்லாம... உங்க வாய்க்கு என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பல்லு முளைக்க வெச்சிருப்பீங்களா?"

"சூப் வெச்சுக் குடுத்திருப்பேன்யா."

எவரிஸ்தோ குரலைத் தாழ்த்தி, தலைவன் வெறும் கையோடு நிற்கிற பேண்டை யார் பேண்டு என்று சொல்வார்கள் என்றார். கெர்டாவுக்கு இந்த வேகத்தில் பேசியது பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. முதுகில் பையோடு, இறக்கும் உத்தேசமே இல்லாதவராக நின்றார். 

தியோபிலோ அதைப் பார்த்தார். போய் அவர் கையிலிருந்து ரொட்டியை வாங்கினார். எவரிஸ்தோவின் மனைவி காபியோடு நின்றிருந்தாள். காய்ந்து கெட்டிப்பட்டிருந்த ஓரத்தை ஒதுக்கிவிட்டு, நடுவில் மெத்தென்று இருந்த பாகத்தைப் பிய்த்து, காபியில் முக்கி, ஊறும்வரை பொறுத்து, கொம்பாத்ரேயின் முன் நீட்டினார். ஒரு கையில் காபி இருந்தது. அதை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவது கையையும் சேர்த்துக்கொண்டார். வாசகம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் கணக்கில்லை என்று மௌரோ வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

எவரிஸ்தோவுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் தின்றதாக நாளைக்கு யாரும் வழக்குப் பேச முடியாது. அந்த ஊறிய துண்டைப் பார்த்தார். அதிலிருந்து காபி சொட்டியது. பிறகு இரண்டு கையாலும் வாங்கி, வாயில் வைத்து, ஈறால் அரைத்து விழுங்கினார்.

"பெரிய டிரம் அடிக்கிறேன்" என்றார். "ஏன்னு கேட்டா நேர்த்திக்கடன்னு சொல்லிருவேன்."

"அடிக்கத் தெரியுமா?"

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

அன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு எவரிஸ்தோ மஃப்ளரை அவிழ்த்துக் கொடியில் போட்டார்.

அடுத்த நாள் காலை இடிபாடுகள். சதுக்கத்தில் நின்று, இன்காக்கள் தலைநகரை இழந்த பிறகும் இந்தப் பக்கத்து மலைகளை விட்டுக்கொடுக்காமல் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அது என் பேச்சில் உருக்கமான இடம். அங்கே குரல் கொஞ்சம் தாழும். சரியாக அந்த இடத்தில், பக்கத்து மலைச்சரிவிலிருந்து தகர டின்னைத் தடியால் அடிக்கிற சத்தம் வந்தது. டம். நிறுத்தம். டம் டம். தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து. காவலாளி எழுந்து நின்று எட்டிப்பார்த்தார். இன்காக்களை அந்த நாலு பேரும் மறந்துவிட்டார்கள். சுடுதண்ணீரும் சாண்ட்விச்சுமாக மேலே வந்திருந்த தியோபிலோ ஒரு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாளம் உதைக்கிறதே என்று கவலையாகச் சொன்னேன்.

"உதைக்கட்டும். அடிக்கிறார்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "இந்தச் சுவரு சாய்ஞ்சுக்க வசதியா இருக்கு" என்றார். இன்காக்களைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

திருவிழாவன்று பேண்டு லாரியில் வந்து இறங்கியது. எவரிஸ்தோ தன்னைவிடப் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். டிரம்பெட்டை அவர் மைத்துனன் வாசித்தான். நன்றாக வாசிப்பதற்குப் பதில் சத்தமாக வாசிப்பது என்று அவன் முடிவு செய்திருந்தான். கெர்டா விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, மகளுக்கு இங்கே வேலை இருக்கிறது என்று சேதி அனுப்பிவிட்டு வந்திருந்தார். இசை கொண்டுவந்தவருக்கு முதல் தட்டு என்பது முறை. வறுத்த கினிப் பன்றியைத் தலையோடு வைத்தார்கள். முழுதும் சாப்பிட்டார். இதைத் தின்றால் அடுத்த வருஷம் என்ன கொண்டுவர வேண்டும் என்று மாத்தில்தேயிடம் கேட்டார். மாத்தில்தே அவரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

மாதா வாசலைத் தாண்டினாள். தாண்டியவள், டிரம் தாறுமாறாக விரட்டியதில், சதுக்கத்தை இதுவரை எந்த வருஷமும் சுற்றாத வேகத்தில் சுற்றினாள். சப்பரம் தூக்கியவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பவனி சீக்கிரமாகவே முடிந்துவிட்டதே என்று ஃபிதேல் வருத்தப்படுகிற மாதிரிச் சொன்னான். போன வருஷம் உங்கள் இரண்டு பேண்டுக்கு நடுவில் மாதா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றாளே என்று மாத்தில்தே ஊர் கேட்கும்படி ஞாபகப்படுத்தினாள்.

தியோபிலோவைக் காணோம். தேடிப்போனால், கோயில் சுவரோரம் விறகுக் கட்டின்மேல், ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எந்தச் சத்தத்துக்காக ஒரு வருஷம் தூக்கத்தைத் தொலைத்தாரோ, அது பத்தடி தள்ளி முழங்கிக்கொண்டிருந்தது. எழுப்பப்போன மாத்தில்தேயைக் கெர்டா தடுத்துவிட்டார். சேதி கேள்விப்பட்டு எவரிஸ்தோ டிரம்மோடு வந்தார். தலைமாட்டில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே அடியை ஓங்கி அடித்தார். தியோபிலோ கண் திறக்காமல், "முடியாது" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தார்.